தாமஸ் குரோம்வெல் ஏன் வீழ்ந்தார்?

1540 ஏப்ரல் 18 அன்று இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி, தம் முதன்மை அமைச்சர் தாமஸ் குரோம்வெல்லுக்கு எசெக்ஸ் எர்ல் என்னும் உயர்ந்த பிரபுப் பட்டத்தை அளித்தார். அதே ஆண்டு ஜூன் 10 அன்று குரோம்வெல் வெஸ்ட்மின்ஸ்டரில் ஆலோசனைக் குழுவின் கூட்டத்திலேயே கைது செய்யப்பட்டு, படகில் ஏற்றி லண்டன் கோபுரச் சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். ஜூலை 28 அன்று அவர் தலை வெட்டப்பட்டது. பட்டத்துக்கும் கைதுக்கும் இடையில் இருந்தவை 53 நாட்கள்.

இந்த வீழ்ச்சிக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் ஒரு திருமணம். குரோம்வெல் ஏற்பாடு செய்த மணப்பெண் ஆன் ஆஃப் கிளீவ்ஸை மன்னருக்குப் பிடிக்கவில்லை, ஓவியர் ஹோல்பைன் தீட்டிய படத்தில் கண்ட அழகு நேரில் இல்லை, அந்தக் கோபத்தில் அமைச்சரின் தலை போயிற்று என்பது கதை. கேட்பதற்குச் சுவையான கதைதான். ஆனால் குரோம்வெல்லைக் குற்றவாளியாக அறிவித்த சட்டத்தை எடுத்துப் படித்தால், அந்தத் திருமணத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அதில் இருப்பவை பதிதம் (திருச்சபைப் போதனைக்கு மாறான கொள்கை), ராஜத்துரோகம், அதிகார மீறல், இவற்றோடு அவருடைய பிறப்பின் தாழ்வு. திருமணம் அவருக்குப் பெரும் சேதம் விளைவித்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவரைக் கொன்றது அது அன்று என்பதே என் கருத்து.

குரோம்வெல் 1485ஆம் ஆண்டளவில் லண்டனுக்கு அருகே தேம்ஸ் ஆற்றங்கரையில் உள்ள பட்னி என்னும் ஊரில் பிறந்தார். தந்தை வால்டர் கொல்லர் வேலையும் துணி வெளுக்கும் தொழிலும் பார்த்தார். பியர் காய்ச்சி விற்றார். விற்பனை விதிகளை மீறியதற்காகப் பலமுறை அபராதம் கட்டினார். மகன் இளம் வயதிலேயே வீட்டைவிட்டு இத்தாலிக்குப் போனார். பிறகு ஆண்ட்வெர்ப் நகரின் துணி வணிகர்களிடையே வாழ்ந்தார். பல்கலைக்கழகத்தில் படிக்காமலேயே லத்தீனும் இத்தாலியனும் பிரெஞ்சும் கற்றுக்கொண்டார். முறையான சட்டப் படிப்பு இல்லாமலேயே லண்டனில் வழக்குகளையும் சொத்துப் பத்திரங்களையும் கையாளும் தேர்ந்த ஆளாக ஆனார். இளமையில் தாம் எவ்வளவு முரடராக இருந்தார் என்பதைப் பிற்காலத்தில் அவரே பேராயர் கிரான்மரிடம் சொல்லியிருக்கிறார்.

1520களின் நடுவில் கர்தினால் வுல்சியின் பணியில் அவர் இருந்தார். வுல்சி ஆக்ஸ்போர்டில் ஒரு கல்லூரியும் இப்ஸ்விச்சில் ஒரு பள்ளியும் நிறுவ விரும்பினார். அதற்கான பணத்துக்காக ஏறத்தாழ முப்பது சிறிய துறவு மடங்கள் மூடப்பட்டன. அந்த மடங்களின் நிலங்களை அளந்து, குத்தகைகளைக் கணக்கெடுத்து, பத்திரங்களை மாற்றி எழுதும் வேலை குரோம்வெல்லிடம் வந்தது. பத்தாண்டுகளுக்குப் பிறகு நாடு முழுவதும் அவர் செய்யவிருந்த வேலைக்கு இதுவே பயிற்சிக் களமாக அமைந்தது.

1529 அக்டோபரில், அரசியான அரகோனின் கேத்தரினிடமிருந்து மன்னருக்கு மணமுறிவு பெற்றுத்தர முடியாமல் வுல்சி பதவி இழந்தார். அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று, சகல பரிசுத்தர் திருநாளில், ஈஷரில் இருந்த வுல்சியின் வீட்டில், சன்னலில் சாய்ந்தபடி கையில் செபப் புத்தகத்தோடு குரோம்வெல் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்ததை வுல்சியின் பணியாளர் ஜார்ஜ் கேவெண்டிஷ் பார்த்தார். எசமானரோடு சேர்ந்து தானும் மூழ்கிவிடுவோம் என்ற அச்சம் அது. அதே காலத்தையொட்டித்தான் அவருடைய மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் இறந்திருந்தனர். அன்றைக்கே லண்டனுக்குக் குதிரையேறிப் போய், நடப்பது நடக்கட்டும் என்று அரண்மனையில் தம் அதிர்ஷ்டத்தைச் சோதிக்கப்போவதாகச் சொல்லிப் புறப்பட்டார். நாடாளுமன்றத்தில் டான்டன் தொகுதியின் இடம் ஒன்றைப் பெற்றார். வீழ்ந்த வுல்சியை அவர் கைவிடவில்லை. அவருக்காகப் பேசிக்கொண்டே மன்னரின் கவனத்தையும் ஈர்த்தார். 1530இன் இறுதியில் ஆலோசனைக் குழுவில் அவருக்கு இடம் கிடைத்தது.

அதன்பின் பதவிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தன: 1532இல் அரச நகைப் பொக்கிஷப் பொறுப்பு, 1533இல் கருவூலச் சான்சலர் பதவி, 1534இல் மன்னரின் முதன்மைச் செயலர் பதவி, 1536இல் முத்திரைக் காப்பாளர் பதவி. இவற்றுள் சில அதுவரை யாரும் பெரிதாக மதிக்காத எழுத்து வேலைகள். ஆனால் ஒவ்வொன்றின் வழியாகவும் பணமோ, கடிதமோ, முத்திரையோ, மனுவோ அவர் கையைத் தொட்டே போக வேண்டியிருந்தது. அவருடைய உண்மையான திறமை இதில்தான் இருந்தது என்று நினைக்கிறேன். நார்ஃபோக் கோமகனைப் போன்றவர்களுக்குக் கோட்டைகளும் தலைமுறைதோறும் தொடரும் குடிபடைகளும் இருந்தன. குரோம்வெல்லுக்கு இருந்தவை காகிதமும், அந்தக் காகிதத்தை மற்ற எவரையும்விட விரைவாகப் படித்து முடிக்கும் மூளையும்.

மன்னரின் மணமுறிவுச் சிக்கலுக்கு அவர் கண்ட வழி நாடாளுமன்றச் சட்டம். ரோமாபுரியில் இருந்த போப்பின் தயவுக்குக் காத்திராமல், இங்கிலாந்தின் வழக்குகள் எவையும் ரோமுக்கு மேல்முறையீடாகப் போகக்கூடாது என்று 1533இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. இங்கிலாந்து வேறு எந்த அதிகாரத்துக்கும் கட்டுப்படாத ஒரு பேரரசு என்று அதன் முகவுரை முழங்கியது. 1534இல் மன்னரே திருச்சபையின் தலைவர் என்று மற்றொரு சட்டம் அறிவித்தது. அதே ஆண்டின் ராஜத்துரோகச் சட்டம் வெறும் பேச்சையும் மரண தண்டனைக்குரிய குற்றமாக்கியது. முன்னாள் சான்சலர் தாமஸ் மோரும் பிஷப் ஜான் ஃபிஷரும் 1535 கோடையில் தலையிழந்தது இந்தச் சட்டங்களின்படிதான்.

1535இல் மன்னர் அவரைத் திருச்சபை விவகாரங்களில் தம் பிரதிநிதி ஆக்கினார். குருப்பட்டம் பெறாத ஒரு கொல்லர் மகன் பேராயர்களுக்கும் மேலான இருக்கையில் அமர்ந்தார். நாட்டின் திருச்சபைச் சொத்துகள் அனைத்தும் கணக்கெடுக்கப்பட்டன. 1536இல் ஆண்டுக்கு 200 பவுண்டுக்குக் குறைவான வருமானமுள்ள மடங்கள் மூடப்பட்டன. பெரிய மடங்களும் ஒவ்வொன்றாகச் சரணடைந்து, 1540 மார்ச்சில் வால்தம் மடத்தோடு அந்த வேலை முடிந்தது. நான்கே ஆண்டுகளில் ஏறத்தாழ 800 மடங்கள் மறைந்தன. ஒவ்வொரு பங்கு ஆலயத்திலும் ஆங்கில விவிலியம் வைக்கப்பட வேண்டும், ஞானஸ்நானமும் திருமணமும் அடக்கமும் பதிவேட்டில் எழுதப்பட வேண்டும் என்ற 1538ஆம் ஆண்டு ஆணையும் அவருடையதே. தம் முன்னோரைத் தேடும் ஆங்கிலேயர் இன்றும் அந்தப் பதிவேடுகளைத்தான் புரட்டுகிறார்கள்.

அவரை நல்லவர், கெட்டவர் என்று ஒரே சொல்லில் அடக்க முடியாது. லண்டனின் வரலாற்றை எழுதிய ஜான் ஸ்டோ சிறுவனாக இருந்தபோது குரோம்வெல்லின் வீட்டு வாயிலில் நாள்தோறும் இருவேளை 200 பேருக்கும் மேல் ரொட்டியும் இறைச்சியும் பானமும் வழங்கப்பட்டதைக் கண்டிருக்கிறார். அதே குரோம்வெல் தம் தோட்டத்தை விரிவாக்க, அண்டை வீட்டாரின் வேலிகளைச் சொல்லாமல் கொள்ளாமல் 22 அடி உள்ளே தள்ளினார். ஸ்டோவின் தந்தையின் தோட்டத்தில் நின்ற ஒரு சிறு வீட்டையே தரையிலிருந்து பெயர்த்து, உருளைகளின் மேல் வைத்து நகர்த்திவிட்டனர். நிலம் பறிபோன பிறகும் அந்தக் குடும்பம் முழு வாடகையையும் கட்டியது. இதைவிட அச்சம் தருவது அவர் தமக்காக எழுதிவைத்த நினைவுக் குறிப்புகள். 1539இல் ரெடிங் மடத்தின் அதிபரைக் குறித்து, அவரை அனுப்பி விசாரித்து ரெடிங்கிலேயே மரண தண்டனை நிறைவேற்ற வேண்டும் என்று ஒரு குறிப்பு காணப்படுகிறது. விசாரணை தொடங்கும் முன்பே, வாங்க வேண்டிய சாமான்களின் பட்டியலைப் போல, தண்டனையும் அதே வரியில் எழுதப்பட்டிருக்கிறது.

1536 இலையுதிர் காலத்தில் வட இங்கிலாந்தில் பல்லாயிரம் பேர் கிளர்ந்தெழுந்தபோது, அவர்களுடைய கோரிக்கைகளுள் முக்கியமானது குரோம்வெல்லை நீக்க வேண்டும் என்பது. மன்னர் இணங்கவில்லை, அடுத்த ஆண்டு குரோம்வெல்லின் மகன் கிரெகரி, மன்னரின் அப்போதைய அரசி ஜேன் சீமோரின் தங்கையையே மணந்தார். ஆனால் இந்தப் பாதுகாப்பு முழுவதும் ஒரே மனிதரின் மனத்தில் இருந்தது. அது மாறினால், குரோம்வெல்லுக்காக வாள் எடுக்க ஒரு மாவட்டமும் இல்லை, நெருக்கடியில் ஒளிந்துகொள்ள ஒரு கோட்டையும் இல்லை.

அந்த மனம் மாறத் தொடங்கியது 1538 வாக்கில், சமயத்தின் விஷயத்தில். ஹென்றி போப்பை விலக்கினாரே தவிர, நற்கருணை பற்றிய பழைய நம்பிக்கையை விலக்கவில்லை. அப்பமும் திராட்சரசமும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாக மாறுகின்றன என்பதை மறுப்பவர்களை அவர் மனமார வெறுத்தார். 1538 நவம்பரில் இதை மறுத்த ஜான் லாம்பர்ட்டைத் தாமே வெள்ளை உடையணிந்து தலைமை ஏற்று விசாரித்து, தீக்கு அனுப்பினார். குரோம்வெல்லோ, சீர்திருத்தப் போதகர்களுக்கு ஆதரவளிப்பவராகவே அறியப்பட்டிருந்தார். 1539இல் நார்ஃபோக் கோமகன் பிரபுக்கள் சபையில் முன்வைத்த ஆறு விதிகள், நற்கருணை, குருக்களின் மணத்துறவு, பாவசங்கீர்த்தனம் ஆகியவற்றில் பழைய நிலையைச் சட்டமாக்கின. குரோம்வெல் பின்வாங்கினார். எதிரிகளுக்கு ஒரு வழி தெரிந்துவிட்டது: ஊழல் என்றும் ஆணவம் என்றும் சொன்னால் மன்னர் செவிசாய்க்கமாட்டார், நற்கருணையை மறுப்பவர்களுக்குப் புகலிடம் தருகிறார் என்று சொன்னால் கேட்பார்.

கிளீவ்ஸ் திருமணம் இந்தப் பின்னணியில்தான் வருகிறது. பேரரசர் ஐந்தாம் சார்லஸும் பிரான்ஸ் மன்னர் முதலாம் பிரான்சிஸும் 1538இல் சண்டையை நிறுத்திக்கொண்டு நெருங்கினர். ஹென்றியைத் திருச்சபையிலிருந்து விலக்கும் ஆணையைப் போப் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். சார்லஸும் பிரான்சிஸும் சேர்ந்து படையெடுப்பார்கள் என்ற அச்சத்தில் இங்கிலாந்தின் தென் கரையெங்கும் கோட்டைகள் எழுந்தன. பேரரசரோடு ஒரு பிரதேசத்துக்காகப் பூசலில் இருந்த கிளீவ்ஸ் கோமகனின் சகோதரியை மணப்பது அந்த நேரத்தில் அறிவுள்ள கணக்கு. ஆன் 1539 டிசம்பர் இறுதியில் இங்கிலாந்தில் கரையிறங்கினார். 1540 புத்தாண்டு நாளில் ராச்செஸ்டரில் மாறுவேடத்தில் அவரைப் பார்க்கப்போன ஹென்றி, ஏமாற்றத்தோடு திரும்பினார். இருப்பினும் ஜனவரி 6 அன்று திருமணம் நடந்தது. கூட்டணி முறியும் என்று அஞ்சியே மன்னர் அதற்கு இணங்கினார். வசந்தம் வருவதற்குள் சார்லஸுக்கும் பிரான்சிஸுக்கும் இடையிலான நட்பு குளிர்ந்துபோயிற்று. படையெடுப்பு அச்சம் தீர்ந்தது. மன்னருக்கு எஞ்சியது, விரும்பாத மனைவியும் தேவைப்படாத கூட்டணியும்.

பிப்ரவரியில் நார்ஃபோக் தூதராகப் பிரான்ஸ் சென்று வந்தார். வெளியுறவு அதுவரை குரோம்வெல்லின் கையில் இருந்த துறை. இப்போது வேறொருவரும் மன்னருக்கு நேரடியாகச் செய்தி சொல்லத் தொடங்கினார். நார்ஃபோக்கின் முன்னோர் அடக்கமாகியிருந்த தெட்ஃபர்ட் மடம், அவர் எவ்வளவோ முயன்றும் அதே மாதத்தில் மூடப்பட்டது என்பதையும் இங்கே நினைக்க வேண்டும். அவருடைய தம்பி மகள் கேத்தரின் ஹோவர்ட் புதிய அரசியின் பணிப்பெண்களுள் ஒருத்தியாக இருந்தாள். மன்னரின் கண் அவள்மேல் விழுந்தது. அந்தப் பெண்ணை மன்னர் சந்திக்க வின்செஸ்டர் பிஷப் ஸ்டீபன் கார்டினர் தம் மாளிகையில் விருந்துகள் வைத்தார். கார்டினர் குரோம்வெல்லின் பழைய எதிரி. குரோம்வெல்லின் ஆதரவைப் பெற்ற போதகர் ராபர்ட் பார்ன்ஸ் அந்தத் தவக்காலத்தில் கார்டினரை மேடையிலேயே தாக்கிப் பேசி, மன்னரின் சினத்துக்கு ஆளானார். ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்த கலே நகரில் நற்கருணையை மறுப்பவர்கள் பெருகியதற்கும் குரோம்வெல்லின் மெத்தனமே காரணம் என்று சொல்லப்பட்டது.

ஆனால் இது ஒரே திசையில் சரிந்த கதை அன்று. ஏப்ரலில் அவருக்குக் கிடைத்த எசெக்ஸ் பட்டமும், அதோடு வந்த அரண்மனைப் பதவியும், முந்தைய மாதம் இறந்த இரு பரம்பரைப் பிரபுக்களுடையவை. அவை பட்னிக்காரருக்குப் போனதைப் பார்த்துப் பிரபுக்கள் கொதித்தனர். மே மாதத்தில் கலே ஆளுநர் லைல் பிரபுவும், அடுத்து எதிரணியின் சிச்செஸ்டர் பிஷப்பும் சிறைக்குப் போயினர். இரண்டு அணிகளுள் ஒன்று விழுந்தே ஆகவேண்டும் என்று ஜூன் தொடக்கத்தில் பிரெஞ்சுத் தூதர் மாரிலாக் எழுதினார். எது விழும் என்பது அவருக்கே தெரியவில்லை. கைதாவதற்குப் பத்து நாட்கள் முன்பு வரை குரோம்வெல் வென்றுகொண்டிருப்பதாகவே தோன்றியது.

ஜூன் 10 அன்று நடந்ததையும் மாரிலாக்கின் கடிதத்திலிருந்தே அறிகிறோம். காவற்படைத் தலைவர் உள்ளே வந்து கைது ஆணையைச் சொன்னதும் குரோம்வெல் தொப்பியைக் கழற்றித் தரையில் எறிந்து, தம் சேவைக்கு இதுதானா கைம்மாறு, நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள், நான் துரோகியா என்று கேட்டார். நார்ஃபோக் அவர் கழுத்தில் தொங்கிய புனித ஜார்ஜ் பதக்கத்தைப் பிடுங்கினார். அதுவரை நண்பராகவே காணப்பட்ட சவுத்தாம்ப்டன் எர்ல், காலில் இருந்த கார்ட்டர் விருதுப் பட்டையை அவிழ்த்தார். செய்தி நகருக்குள் பரவும் முன்பே அவருடைய வீட்டில் அரசரின் ஆட்கள் சொத்துகளைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தனர்.

அவருக்கு விசாரணை நடக்கவில்லை. அட்டெய்ண்டர் எனப்படும் முறையில், ஒருவரைக் குற்றவாளி என்று நாடாளுமன்றம் சட்டம் இயற்றியே அறிவித்துவிடலாம். சாட்சிகளும் குறுக்கு விசாரணையும் தேவையில்லை. முந்தைய ஆண்டு முதிய சாலிஸ்பரி சீமாட்டி மார்கரெட் போலை இதே வழியில் குற்றவாளியாக்கியபோது, அவர் வீட்டில் கண்டெடுத்ததாகச் சொல்லப்பட்ட ஓர் ஆடையைப் பிரபுக்கள் சபையில் உயர்த்திக் காட்டியவர் குரோம்வெல்லேதான். இப்போது அவருடைய மசோதா ஜூன் 17 அன்று பிரபுக்கள் சபைக்கு வந்து, 29 அன்று நிறைவேறியது. அதன் மையக் குற்றச்சாட்டு இது: 1539 மார்ச் 31 அன்று லண்டனின் ஓர் ஆலயப் பங்கில், சீர்திருத்தப் போதனையிலிருந்து மன்னரே திரும்பினாலும் தாம் திரும்பப்போவதில்லை, வாளேந்தி அவருக்கு எதிராகவும் போரிடுவேன் என்று குரோம்வெல் சொன்னாராம். இத்தகைய பேச்சைக் கேட்டவர்கள் பதினான்கு மாதங்களுக்கும் மேலாக வாய் திறக்காமல் இருந்தது எப்படி என்று ஒரு நீதிமன்றம் நிச்சயம் கேட்டிருக்கும். கேட்கும் இடமே இல்லாமல் போனது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. சொல்லப்பட்ட தேதியையும் இடத்தையும் விட, மன்னர் அதை நம்பத் தயாராக இருந்தார் என்பதே முக்கியம்.

அவருக்காக எழுதிய ஒரே பெரிய மனிதர் கிரான்மர். மன்னரைத் தவிர வேறெதையும் கருதாத ஊழியர் என்று நம்பியிருந்தேன், இவரையே நம்ப முடியாதென்றால் இனி யாரைத்தான் நம்புவீர்கள் என்று அஞ்சி அஞ்சி ஒரு கடிதம் எழுதினார். ஆனால் சபையில் மசோதாவை அவர் எதிர்க்கவில்லை.

மன்னருக்கு அப்போதும் குரோம்வெல் தேவைப்பட்டார், சாட்சியாக. கிளீவ்ஸ் திருமணம் தாம்பத்திய உறவால் நிறைவுறவில்லை என்று மன்னர் தம்மிடம் அப்போதே சொன்னதை விரிவாக எழுதித்தரும்படி அவரிடம் கேட்கப்பட்டது. ஜூன் 30 அன்று அவர் எழுதினார். எழுதி முடித்த இடத்தில், கருணைமிக்க அரசே, கருணை, கருணை, கருணை என்று கதறுகிறேன் என்று சேர்த்தார். ஜூலை 9 அன்று திருமணம் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. திருமணத்தில் குரோம்வெல்லின் பங்கு அவரைக் கொன்றது என்பதைவிட, அவர் ஆயுளைச் சில வாரங்கள் நீட்டித்தது என்பதே உண்மைக்கு அருகில் இருக்கிறது.

ஜூலை 28 அன்று டவர் ஹில்லில் அவர் கொல்லப்பட்ட நாளிலேயே ஹென்றி கேத்தரின் ஹோவர்டை மணந்தார். இரண்டு நாள் கழித்து, ஸ்மித்ஃபீல்டில் பார்ன்ஸும் வேறு இரு சீர்திருத்தப் போதகர்களும் எரிக்கப்பட்டனர். அதே இடத்தில், போப்பை விட்டுக்கொடுக்காத மூன்று கத்தோலிக்கக் குருக்களும் தூக்கிலிடப்பட்டனர். தம் சமயநிலை எது என்பதை மன்னர் இதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது.

அடுத்த மாதம் பிரிவி கவுன்சில் எனப்படும் மன்னரின் ஆலோசனைக் குழுவுக்கெனத் தனி எழுத்தரும் தனிப் பதிவேடும் அமைந்தன. பல நூற்றாண்டுகளுக்குப் பின் சென்னையிலிருந்தும் கொழும்பிலிருந்தும் மேல்முறையீடுகள் போய்ச் சேர்ந்த அமைப்பின் மூதாதை அது. அனைத்தும் ஒருவர் கையில் இருக்கும்படியான இன்னோர் அமைச்சரை ஹென்றி அதன்பின் நியமிக்கவேயில்லை. பொய்க் குற்றச்சாட்டுகளைச் சொல்லித் தமக்கிருந்த ஊழியர்களிலேயே மிக விசுவாசமானவரைக் கொல்லவைத்துவிட்டார்கள் என்று மன்னர் மற்றவர்களைக் கடிந்துகொள்வதாக 1541 மார்ச்சில் மாரிலாக் எழுதினார். பழி மட்டும் மற்றவர்களுடையது.

கைதின்போது குரோம்வெல்லின் காகிதங்களும் பறிமுதலாயின. அதனால் அவருக்கு வந்த கடிதங்கள் அரச ஆவணங்களோடு சேர்ந்து ஆயிரக்கணக்கில் இன்றும் இருக்கின்றன: மடத்து நிலம் கேட்டவர்கள், மகனுக்கு வேலை கேட்டவர்கள், அண்டை வீட்டாரைக் காட்டிக்கொடுத்தவர்கள் எல்லாரும் அங்கே பேசுகிறார்கள். அவர் பிறருக்கு எழுதியவற்றின் படிகள் அந்த அளவுக்குக் கிடைக்கவில்லை. அவருடைய சொந்தக் குரலை நீண்டு கேட்க முடிகிற சில இடங்களுள், கோபுரச் சிறையிலிருந்து நடுங்கும் கையோடு எழுதிய கடிதங்களும் அடங்கும்.